முகத்தை அளக்கும் முன் சுழியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்கள் வீட்டிலேயே முக வடிவத்துக்கு ஏற்றபடி முடியை அமைத்துக்கொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. நீள்வட்டம், வட்டம், சதுரம், நீளம், இதயம், வைரம் என்று ஆறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வெளிநாட்டு இளைஞரின் படம். படத்துக்குக் கீழே இரண்டு வரி. அந்தப் பக்கத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எங்கள் கடைக்கு ஒரு கல்லூரி மாணவன் வந்தான். முந்தின நாள் இரவே வீட்டில் தனக்குத் தானே மெஷின் போட்டுக்கொண்டிருக்கிறான். காதுக்கு மேலே இரண்டு பக்கமும் தோல் தெரிகிறது. உச்சியில் மட்டும் முடி நெட்டுக்கு நிற்கிறது. அவனுக்கோ நீள முகம். வட்ட முகத்துக்குச் சொல்லியிருந்ததை, அந்தப் படம் பிடித்துப்போனதால் தன் தலையில் செய்துகொண்டுவிட்டான். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர், மிஞ்சிப்போனால் ஒன்றேகால் சென்டிமீட்டர்தான் வளரும். அந்தப் பக்கவாட்டு முடி வாரிக்கொள்ளும் அளவுக்கு வர அவன் மூன்று மாதமாவது காத்திருக்க வேண்டும்.

நான் மன்னார்குடியில் முடிதிருத்தும் தொழில் செய்கிறவன். பள்ளிக்கூடத்தை விட்ட வயதில் கத்தரியைப் பிடித்தேன். இப்போது கடையை மகன் பார்த்துக்கொள்கிறான்; பழைய வாடிக்கையாளர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் மட்டும் நான் வெட்டுகிறேன். வீட்டில் யாரும் கத்தரியைத் தொடக்கூடாது, எல்லோரும் கடைக்கு வாருங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. 2020 ஊரடங்கில் எங்கள் கடைகள் பூட்டிக் கிடந்தபோது அம்மாக்களும் மனைவிமார்களும் கத்தரியை எடுத்தார்கள். அப்போது வீட்டுக்குள் நுழைந்த டிரிம்மர் இன்னும் அலமாரியில் இருக்கிறது, இனியும் இருக்கும். படுக்கையில் கிடக்கும் பெரியவர் உள்ள வீட்டில் ஒருவருக்காவது முடி வெட்டத் தெரிந்திருப்பது பெரிய உதவி. அதனால்தான் சொல்கிறேன், சொல்லிக்கொடுப்பதானால் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கட்டம் போட்டு வெட்டு முறையின் பெயரை எழுதினால் போதாது.

எங்கள் அப்பா காலத்தில் சுற்று வட்டாரக் கிராமங்களில் கடை என்பதே கிடையாது. கத்தரியும் கத்தியும் வைக்கும் பையான அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார். கொல்லைப்புறமாகத்தான் போக வேண்டும், திண்ணையில் உட்காரக்கூடாது, கூலி அறுவடையின்போது நெல்லாக வரும். அந்த அவமானத்தைப் பற்றி எழுதினால் அதுவே தனிக் கடிதம் ஆகிவிடும். இங்கே நான் சொல்ல வருவது அவருடைய தொழிலறிவை. கிணற்றடியில் ஒரு பலகை, கையகலக் கண்ணாடி, ஒரு கத்தரி, ஒரு கத்தி, கையால் அழுத்தும் மெஷின், இவ்வளவுதான் அவருடைய கடை. ஒவ்வொரு குடும்பத்தின் தலையும் அவருக்குத் தெரியும். தாத்தாவின் சுழி எந்தப் பேரனுக்கு இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். வட்ட முகம், சதுர முகம் என்று அவர் பேசி நான் கேட்டதில்லை. “இவனுக்குக் காதோரம் கொஞ்சம் விடு”, “இவனுக்கு உச்சியில் கை வைக்காதே” என்பார். எதை எடுப்பது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் அவருடைய பேச்சு எப்போதும் இருந்தது. வீட்டில் முடி வெட்ட நினைக்கிற யாருக்கும் நான் சொல்லக்கூடிய முதல் பாடமும் அதுதான். எடுத்த முடியைத் திரும்ப ஒட்ட முடியாது.

தங்கள் கட்டுரை கண்ணாடி முன் நின்று முகத்தை அளக்கச் சொல்கிறது. அளக்கலாம், தப்பில்லை. நெற்றியின் அகலம், கன்ன எலும்புகளின் அகலம், தாடையின் அகலம், முடி தொடங்கும் இடத்திலிருந்து மோவாய் வரை உள்ள நீளம் ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். நீளம் அகலத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருந்தால் நீள்வட்டம். அதைவிடக் கூடினால் நீள முகம். நீளமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்து தாடை உருண்டிருந்தால் வட்டம், தாடையில் கோணம் தெரிந்தால் சதுரம். ஆனால் இந்த அளவு எல்லாம் முன்னாலிருந்து பார்ப்பது. ஒருவனுடைய தலையைப் பஸ்ஸில் பின் இருக்கையில் இருப்பவர் பின்னாலிருந்து பார்க்கிறார், பக்கத்தில் இருப்பவர் பக்கவாட்டில் பார்க்கிறார். பின்மண்டை தட்டையாக இருக்கிறவனுக்கு அங்கே முடியை ஒட்ட எடுத்துவிட்டால், முன்னால் எவ்வளவு அழகாக வாரினாலும் தலை பாதியில் நின்றுவிட்டதுபோல் தெரியும். அங்கே இரண்டு விரல் கனம் விட்டால் மண்டை உருண்டு வரும். அந்தப் பக்கத்தில் இருந்த ஆறு படங்களில் ஒன்றுகூடத் தலையின் பின்புறத்தைக் காட்டவில்லை.

அடுத்தது சுழி. ஒரு தலை என் முன் வந்து உட்கார்ந்ததும் நான் முகத்தைப் பார்ப்பதற்கு முன் உச்சியைத்தான் பார்ப்பேன். பெரும்பாலோருக்குச் சுழி வலமாகச் சுற்றும். அப்படிச் சுற்றுகிறவர்களுக்கு முன்முடி தானாகவே வலது பக்கம் சாயும்; ஆகவே இடது பக்கம் வகிடு எடுத்தால் படியும். இடமாகச் சுற்றுகிறவனுக்கு இடது வகிடு எடுத்தால் நாள் முழுவதும் முடியோடு சண்டைதான். இரட்டைச் சுழி உள்ளவனுக்கு இரண்டு கல்யாணம் என்று ஊரில் சொல்வார்கள். எங்களைப் பொறுத்தவரை அவனுக்கு உச்சியில் முடியைக் குறைக்கக்கூடாது. இரண்டு சுழிக்கும் நடுவில் இருக்கும் முடி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நட்டுக்கொண்டு நிற்கும். அங்கே ஐந்தாறு சென்டிமீட்டர் நீளம் இருந்தால் தன் கனத்தாலேயே படிந்துவிடும். கொஞ்சம் நிற்கிறதே என்று அதை மட்டும் நுனி வெட்டிப் பார்ப்பார்கள் வீட்டில். வெட்ட வெட்ட இன்னும் விறைப்பாக நிற்கும். முக வடிவப்படி ‘பக்கத்தில் குட்டை, மேலே நீளம்’ என்று வந்தாலும் சரி, ‘எல்லாம் ஒரே குட்டை’ என்று வந்தாலும் சரி, சுழி இருக்கும் இடத்தில் சுழி சொல்வதுதான் சட்டம்.

தன் தலைக்கு இயல்பான வகிடு எது என்பதை யாரும் வீட்டில் கண்டுபிடிக்கலாம். தலைக்குக் குளித்துவிட்டுத் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஈரம் இருக்கும்போதே சீப்பால் எல்லா முடியையும் நேர் பின்னால் வாருங்கள். பிறகு உள்ளங்கையை உச்சியில் வைத்து, முடியை மெல்ல முன்னால் ஒரு விரற்கடை அளவு தள்ளுங்கள். முடி ஓரிடத்தில் தானாகப் பிளந்து கோடு காட்டும். அதுதான் உங்கள் வகிடு. அந்தக் கோட்டிலிருந்து அரை விரற்கடை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்தலாம். அதற்கு மேல் நகர்த்தினால் மத்தியானத்துக்குள் கலைந்துவிடும். வட்ட முகத்துக்கு ஓரத்து வகிடு அழகு, நீள முகத்துக்கு வகிடு தெரியாமல் முன்னால் விழவிடுவது அழகு என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் அதைப் பேச வேண்டும்.

முடியின் இனத்தையும் பார்க்க வேண்டும். சுருளாமல் நேராக விறைத்து நிற்கும் கோரை முடி உள்ளவனுக்குக் காதுக்கு மேலே ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டரில் விட்டால் முடி பக்கவாட்டில் விறைத்து நின்று முகத்தை இரண்டு விரல் அகலமாகக் காட்டும். ஒன்று, 6 மில்லிமீட்டருக்குக் கீழே இறக்க வேண்டும். இல்லையென்றால் படியும் அளவுக்கு வளரவிட வேண்டும். நடுவில் நிற்பதுதான் தொல்லை. சுருட்டை முடிக்கு வேறு கணக்கு. ஈரத்தில் இழுத்துப் பிடித்து ஐந்து சென்டிமீட்டர் என்று வெட்டினால், காய்ந்ததும் சுருண்டு மூன்று சென்டிமீட்டராக ஏறிவிடும். சுருட்டை முடியைக் காய்ந்த பிறகு, சுருள் எப்படி விழுகிறது என்று பார்த்து, அங்கங்கே வெட்ட வேண்டும். நம் ஊரில் சுருட்டை முடிக்காரர்கள் எத்தனையோ பேர். தங்கள் கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

இனி வட்ட முகம். எங்கள் கடைக்கு வரும் இளைஞர்களில் அதிகம் கவலைப்படுகிறவர்கள் இவர்கள்தான். கன்னம் உப்பியிருக்கிறது, குழந்தை முகமாக இருக்கிறது என்று வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. பக்கத்தைக் குறைத்து மேலே உயரம் கொடுங்கள் என்று கட்டுரை சொன்னது சரி. எவ்வளவு குறைப்பது, எங்கே நிறுத்துவது என்பதைச் சொல்லவில்லை. இதற்கு ஒரு சீப்பு போதும். சீப்பைக் காதுக்கு மேலே தலையின் பக்கவாட்டில் செங்குத்தாக ஒட்டி வையுங்கள். கீழ்ப்பகுதி தலையைத் தொடும். மேலே ஓரிடத்தில் மண்டை உள்ளே வளைந்து சீப்பை விட்டு விலகும். அந்த இடம்தான் எல்லை. மெஷின் அதுவரைதான் ஏற வேண்டும். அங்கே வந்ததும் மண்டையின் வளைவைத் தொடர்ந்து உள்ளே போகாமல், கையை வெளிப்பக்கம் எடுத்துவிட வேண்டும். அந்த விளிம்பில் கொஞ்சம் முடி கனமாக நின்றால் தலைக்கு ஒரு மூலை கிடைக்கும். மூலை கிடைத்தால் முகத்தின் உருண்டை குறையும். வீட்டில் மெஷின் போடுகிறவர்கள் வளைவோடு உச்சிவரை ஏற்றிவிடுவதால் தலையும் உருண்டை, முகமும் உருண்டை என்று ஆகிவிடுகிறது. மேலே ஐந்தாறு சென்டிமீட்டர் இருந்தால் போதும். ஒரு சாண் வேண்டியதில்லை.

மெஷினில் மாட்டும் சீப்பின் எண்களையும் தெரிந்துகொள்ளுங்கள். கடை மெஷினில் 1 என்றால் 3 மில்லிமீட்டர், 2 என்றால் 6, 3 என்றால் ஏறக்குறைய 10, 4 என்றால் ஏறக்குறைய 13. தாடிக்கென்று விற்கும் சில டிரிம்மர்களில் எண் நேரடியாக மில்லிமீட்டரையே குறிக்கும். அதில் 2 என்றால் 2 மில்லிமீட்டர்தான். கடையில் ‘இரண்டாம் நம்பர்’ போட்டுக்கொண்டு பழகியவர், வீட்டில் அதே எண்ணைத் திருகிவிட்டு, தோல் தெரிந்ததும் பதறுவது இதனால்தான். எப்போதும் பெரிய எண்ணில் தொடங்குங்கள். கடை மெஷின் கணக்கில் 4 போட்டு ஒரு சுற்று முடித்து, கண்ணாடியில் பார்த்து, தேவையென்றால் 3, அதற்கும் கீழே பிடரியிலும் காதோரத்திலும் மட்டும் 2.

நீள முகத்துக்கு இதில் பாதி தலைகீழ். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், வங்கியில் வேலை செய்பவர், ஒல்லியானவர், நீள முகம். யாரோ சொன்னார்கள் என்று பக்கத்தை ஒட்ட எடுத்து முன்முடியை மேலே தூக்கி வாரிக்கொண்டிருந்தார். பார்க்கிறவர்கள் எல்லாம் உடம்புக்கு என்ன, இளைத்துவிட்டீர்களே என்று கேட்கிறார்கள் என்று வருத்தப்பட்டார். உடம்பில் ஒன்றும் இல்லை, பக்கத்தில் முடி இல்லை என்றேன். அடுத்த சில தடவைகள் பக்கத்தைத் தொடவே இல்லை. மேலே மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். பக்கத்தில் இரண்டரை சென்டிமீட்டர் வந்ததும் கத்தரியும் சீப்பும் வைத்து ஓரம் மட்டும் திருத்தினேன். முன்முடியைத் தூக்காமல் நெற்றியில் சாய்வாக விழவிட்டோம். நெற்றி அரை விரற்கடை மறைந்தது. முகத்தின் நீளமும் அந்த அளவு குறைந்தது. கிருதாவைக் காதின் நடுவோடு நிறுத்தினோம். கன்னம் நிறைந்த மாதிரி ஆகிவிட்டது. நீள முகக்காரர்கள் மெஷினை வீட்டில் எடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. கத்தரிதான் அவர்களுக்கு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சதுர முகத்துக்கு எந்த வெட்டும் பெரும்பாலும் பொருந்தும். தாடை அகன்று நெற்றி குறுகியவனுக்குக் கன்னப்பொறிக்கு, அதாவது நெற்றிப்பொட்டுக்கு, மேலே முடி வேண்டும். அங்கே ஒட்ட எடுத்தால் கீழ்த்தாடை இன்னும் பெரிதாகத் தெரியும். அகன்ற நெற்றி, கூர்மையான மோவாய் உள்ளவன் மேலே உயரம் கொடுக்கக்கூடாது. குறுந்தாடி வைத்தால் பாதிக் கணக்கு அதிலேயே நேராகிவிடும். கன்ன எலும்பு துருத்தியவனுக்கு நெற்றியோரம் முடி நிறைவாக இருக்கட்டும்.

கிருதாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் செய்கிறவர்கள் இரண்டு காதையும் அளவாக வைத்து இரண்டு கிருதாவையும் வெட்டுகிறார்கள். இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருக்கும் மனிதர்கள் குறைவு. கண்ணின் வெளி ஓரத்தை அளவாக வையுங்கள். கண்ணாடியை நேராகப் பார்த்து, இரண்டு ஆள்காட்டி விரலையும் இரண்டு பக்கமும் வைத்து, ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள். காது வெளியே விரிந்திருப்பவர்கள் காதைச் சுற்றி வளைவை உயர எடுக்காமல் ஒரு விரல் அகலம் முடியைக் காதின் மேல் படியவிட வேண்டும். பிடரியும் முகத்தைச் சேர்ந்ததுதான். கட்டையான கழுத்துக்காரர் பிடரியில் நேர்க்கோடு போட்டால் கழுத்து இன்னும் அகலும். அவருக்கு மெல்ல மெல்லக் குறைந்து தோலோடு கரைய வேண்டும். மெலிந்த நீளக் கழுத்துக்கு நேர்க்கோடு நன்றாக இருக்கும்.

முக வடிவம் ஆயுளுக்கும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் தங்கள் கட்டுரை சொல்லவில்லை. முப்பது வயதில் நீள்வட்டமாக இருந்த முகம், நெற்றி ஏற ஏற ஐம்பதில் நீள முகமாகிறது. நெற்றி ஏறியவர்கள் பக்கத்து முடியை நீளமாக வளர்த்து மேலே இழுத்துப் போட்டு மறைக்கப் பார்க்கிறார்கள். காற்று அடித்தால் போச்சு. அதோடு பக்கத்தில் முடி அடர்ந்திருக்கும்போதுதான் நடுவில் இல்லாதது கண்ணில் படும். பக்கத்தை 6 மில்லிமீட்டருக்குக் குறைத்து, மேலே இருப்பதையும் இரண்டு சென்டிமீட்டருக்குள் வைத்துக்கொண்டால் இருக்கும் முடி அடர்த்தியாகத் தெரியும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பல வருடம் மறுத்துவிட்டு, மகள் கல்யாணத்துக்கு முன் ஒரு நாள் சம்மதித்தார். கண்ணாடியில் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு பார்த்தார். அதன்பின் பழைய மாதிரி வேண்டும் என்று கேட்டதே இல்லை.

வெட்டாமலேயே வீட்டில் செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. முடி ஈரத்தில் இளகும். காயும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே நிற்கும். பாதி காய்ந்த முடியை வேண்டிய பக்கம் வாரி, கையால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் காசு கொடுத்து வாங்கும் பசையைவிட நன்றாக நிற்கும். ஈரத்தோடு ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஹெல்மெட்டின் அச்சிலேயே காய்ந்துவிடும். தலை காய்ந்த பிறகு மெல்லிய பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு மாட்டுங்கள்; ஹெல்மெட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். தேங்காய் எண்ணெய் முடிக்கு நல்லது, நான் இன்றும் வைக்கிறேன். ஆனால் வட்ட முகக்காரர் காலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரினால் மேலே உயரம் போய் முகம் இன்னும் உருளும். இரவில் வைத்துக் காலையில் அலசிவிடட்டும். வீட்டில் யாருக்காவது தலையில் படர்தாமரை இருந்தால் அவருடைய சீப்பையும் மெஷினையும் மற்றவர் தொடவே கூடாது.

வாதம் வந்து படுத்திருக்கும் பெரியவர்களுக்கு வெட்டுகிற பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன். முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்வாக உட்கார வையுங்கள். சாய்கிற பக்கத்தில் ஒருவர் தாங்கிக்கொள்ளட்டும். கழுத்தில் முதலில் பவுடர் போட்டு, அதன் மேல் துண்டு சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் விரிப்பு. வெட்டிய முடி தோலில் ஒட்டாது. 4 எண் சீப்பை (13 மில்லிமீட்டர்) மாட்டி மெதுவாக ஓட்டுங்கள். காதை விரலால் மடித்துப் பிடித்துக்கொண்டு ஓரம் எடுங்கள். சர்க்கரை உள்ளவருக்குப் பிடரியில் கத்தியோ பிளேடோ வைக்க வேண்டாம், சிறு கீறலும் ஆறத் தாமதமாகும். அவர் களைத்தால் பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் மிச்சத்தை எடுங்கள். படுத்திருக்கிறவர்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று மொட்டையாக வழித்துவிடாதீர்கள். அவர் நடமாடிய காலத்தில் வகிடு எந்தப் பக்கம் எடுத்தார் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கமே வாரிவிட்டுக் கண்ணாடியைக் காட்டுங்கள். பேச்சு வராதவர்களும் அதைப் பார்ப்பார்கள்.

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோடு போட்டு, பாதி வழித்து வரும் முடியை ஆசிரியர்கள் கண்டிப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் சக மாணவர்கள் முன்னால் வரிசையாக உட்கார வைத்து, எல்லாத் தலைக்கும் ஒரே எண்ணில் மெஷின் ஓட்டச் சொல்லி எங்களைக் கூப்பிடாதீர்கள். அப்படி ஒரு முறை ஒரு பள்ளியிலிருந்து அழைத்தபோது நானும் மகனும் போக மறுத்தோம். ஒட்ட வெட்டினால் ஒரு பையனுக்குப் பழைய தழும்பு தெரியும், இன்னொருவனுக்குக் காது துருத்தும், அதை வைத்தே பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். மேலே நான்கு சென்டிமீட்டருக்குள், பக்கத்தில் ஒன்றுக்குள், நேர்த்தியான வகிடு என்று விதி இருந்தால் போதும். அந்த விதிக்குள்ளேயே எந்த முகத்துக்கும் பொருந்த வெட்டிவிடலாம்.

ஆசிரியர் அவர்களிடம் கேட்பது இதுதான். அந்தப் பக்கத்தை மறுபடியும் போடுங்கள், நம் ஊர் முகங்களை வைத்துப் போடுங்கள். கண்ணாடி போட்டவர், தாடி வைத்தவர், நெற்றி ஏறியவர், சுருட்டை முடிக்காரர், இரட்டைச் சுழிப் பையன் எல்லோரும் இருக்கட்டும். ஒவ்வொருவரையும் முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று மூன்று படம் எடுங்கள். எந்த எண், எத்தனை சென்டிமீட்டர், எங்கே நிறுத்த வேண்டும் என்று எழுதுங்கள். எழுதும்போது தொழில் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரிலும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள், கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். மன்னார்குடிக்கு வந்து படம் எடுப்பதானால் செவ்வாய்க்கிழமை வாருங்கள். அன்று கடை விடுமுறை, நாற்காலியும் கண்ணாடியும் காலியாக இருக்கும். முகங்களை நான் கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு முடிதிருத்தும் தொழிலாளி,
மன்னார்குடி.